சொன்ன பேச்சு கேட்கும் மழை

சென்னையில் வெள்ளம் வடிந்ததும் மூன்று பொருள்கள் வந்து சேரும். முதலில் கொசு. அடுத்து ப்ளீச்சிங் பவுடர். மூன்றாவதாக மென்பொருள். கொசுவும் பவுடரும் பத்து நாளில் அடங்கிவிடும். மென்பொருள் மட்டும் அடுத்த வெள்ளம் வரை செய்திக்குறிப்புகளில் உயிரோடு இருக்கும். இத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தால், இன்ன தெருவில், இத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுமாம். மகிழ்ச்சி. வெள்ளம் பார்த்துப் பழகிய முடிச்சூர்க்காரரைக் கேட்டால் கம்ப்யூட்டர் இல்லாமலே சொல்வார்: சுவரில் பழுப்பாக ஒரு கோடு தெரிகிறதே, அதுவரைக்கும்.

மென்பொருளைப் பழிப்பது என் வேலையில்லை. இந்த ஊர் வெள்ள விவகாரத்தில் சம்பந்தப்பட்டவர்களிலேயே யோக்கியமான ஆள் அது ஒன்றுதான். ஒரே எண்களை எத்தனை தடவை கொடுத்தாலும் ஒரே விடையைச் சொல்லும். கமிஷன் கேட்காது. ஆட்சி மாறினால் விடையை மாற்றாது. இடமாற்றலுக்குப் பயப்படாது. அதனால்தான் அதனிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் இருப்பது என்பதில் நம்மவர்கள் இத்தனை கவனமாக இருக்கிறார்கள்.

அது செய்யும் வேலை எளியது. ஒரு நீர்ப்பிடிப்பில் மழை விழுகிறது. கொஞ்சம் இலையில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் மண் குடிக்கும், கொஞ்சம் பள்ளத்தில் தேங்கும், மிச்சம் ஓடும். அந்த மிச்சம் எவ்வளவு, எந்த வாய்க்காலுக்கு எப்போது வந்து சேரும், ஆறு எத்தனை மணிக்கு எந்த உயரத்தைத் தொடும் என்பதுதான் கணக்கு. 1850 வாக்கில் அயர்லாந்துப் பொறியாளர் மல்வேனி, மழையின் வேகத்தையும் நிலத்தின் பரப்பையும் ஓடும் விகிதத்தையும் பெருக்கிப் பார்த்து இதைத் தொடங்கி வைத்தார். 1960களில் ஸ்டான்ஃபோர்டில் அது கம்ப்யூட்டருக்குள் போனது. இன்று அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் எச்இசி-எச்எம்எஸ் இருக்கிறது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 1971இல் வெளியிட்ட எஸ்டபிள்யூஎம்எம் இருக்கிறது. இரண்டும் இலவசம். மாணவரின் பழைய மடிக்கணினியில்கூட ஓடும்.

இதில் பெரும்பாலான கணக்குகளின் குடுமி ஒரே ஒரு எண்ணின் கையில் இருக்கிறது. வளைவு எண் என்று பாடப்புத்தகம் சொல்லும். தொழிலில் இருப்பவர்கள் சிஎன் என்பார்கள். 1950களில் அமெரிக்க மண் பாதுகாப்புத் துறையினர் தங்கள் நாட்டு விளைநிலங்களைப் பார்த்து உருவாக்கியது. உச்சம் 100. மண் எவ்வளவுக்குக் குடிக்கிறதோ அவ்வளவுக்கு எண் குறையும். ஓரளவு நீரை உறிஞ்சும், மரம் செடி உள்ள நிலத்துக்கு 60 பக்கம் வரும். காங்கிரீட்டுக்கும் தார்ச்சாலைக்கும் 98.

இந்த இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. 60 என்ற நிலத்திலிருந்து ஓடுவது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. 98 என்ற தரையிலிருந்து ஓடுவது கிட்டத்தட்ட ஒன்பதரை. ஏறக்குறைய ஐந்து மடங்கு. 30 சென்டிமீட்டர் கொட்டினால் ஒன்றில் 16, மற்றதில் 29. வித்தியாசம் 13 சென்டிமீட்டர்தானே என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். ஒரு ஏக்கருக்கு அது ஐந்து லட்சத்து முப்பதாயிரம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 44 லாரி. ஒரே ஒரு ஏக்கரைப் பூசி மெழுகியவர், ஒரே நாளில் பள்ளத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வைக்கும் சீர்வரிசை இது. வாடகை கிடையாது, டீசல் கிடையாது. லாரிக்காரர்களிடம் கெஞ்சுவதுபோல யாரும் போனில் கெஞ்சவும் வேண்டாம். வீடு தேடி வரும்.

இப்படிப்பட்ட எண்ணை யாராவது சும்மா விடுவார்களா? பெரிய கட்டடம் கட்ட அனுமதி வாங்குமுன், இந்தத் திட்டத்தால் மழைநீர் ஓட்டம் எப்படி மாறும் என்று ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கையை எழுதுபவர் ஆலோசகர். அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் கட்டடக்காரர். இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர் யாரோ, அவரைப் பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கும் கலையில் முனைவர் என்று அறிவித்துவிடலாம். அறைக்குள் நடப்பது இப்படித்தான் இருக்க வேண்டும்:

“என்ன தம்பி, தண்ணி ரொம்ப ஓடுதே?”

“காங்கிரீட்டுக்கு 98 சார். அட்டவணையிலயே அப்படித்தான் இருக்கு.”

“நாமதான் புல்தரை போடுறோமே?”

“அது மொட்டை மாடியில சார்.”

“மாடியில இருந்தா புல்லு புல்லு இல்லையா? 80 போடு. சரி, இப்ப இருக்கிற நிலத்துக்கு என்ன போட்டிருக்கே?”

“கோரையும் நாணலுமா இருக்கு சார். 70 போட்டிருக்கேன்.”

“லாரி ஏறி ஏறி இறுகிப்போன மண்ணு தம்பி அது. கட்டட இடிபாட்டை நாமதானே கொட்டி நிரவினோம்? அதுக்கும் 80 போடு.”

கட்டுவதற்கு முன்னும் 80, கட்டிய பின்னும் 80. அறிக்கையின் முடிவுரை: “திட்டத்தால் நீரோட்டத்தில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏதுமில்லை.” இந்த உரையாடலை நான் ஒட்டுக்கேட்டதில்லை, எழுதியது என் கற்பனை. ஆனால் அந்த மாதிரி முடிவுரையைப் படித்தால் உரையாடல் தானாகக் காதில் விழும்.

மழைமானியைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு கலை. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய அந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் 34, தாம்பரத்தில் 49. ஒரே ஊர், ஒரே நாள், ஒரே மேகம். உங்கள் மனை தாம்பரத்தில் இருக்கிறதா? நுங்கம்பாக்கத்து மழையை வாங்கி மாட்டுங்கள். நீண்டகாலப் பதிவு அங்கேதான் கிடைக்கிறது என்று காரணமும் எழுதலாம், காரணம் உண்மையும்கூட. 20 சென்டிமீட்டர் ஒரே வரியில் ஆவியாகிவிடும்.

அடுத்தது மண்ணின் ஈரம். காய்ந்த மண், நடுத்தரம், ஊறிய மண் என்று மென்பொருள் மூன்று நிலை கேட்கும். 2015 நவம்பர் முழுக்க நனைந்து, இனி ஒரு சொட்டும் குடிக்க முடியாமல் கிடந்த மண்ணில்தான் டிசம்பர் மழை விழுந்தது. அறிக்கையிலோ சித்திரை மாதத்து மண்ணில் கார்த்திகை மழையைப் பெய்ய வைத்துவிடலாம். மண்ணும் மடக்கு மடக்கென்று குடித்துவிடும்.

நிலத்தின் ஏற்ற இறக்கம் தெரிய வேண்டுமா? 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்று பூமியைச் சுற்றி ரேடாரால் எடுத்த உயர அளவு இலவசமாகக் கிடைக்கிறது. மலைநாட்டுக்கு அது பொக்கிஷம். சென்னை போன்ற தட்டையான கடற்கரையில், ஓர் அடி ஏற்ற இறக்கம் ஒரு தெருவின் தலையெழுத்தையே மாற்றும் ஊரில், சில மீட்டர் பிழையுள்ள அந்த அளவை வைத்துக்கொண்டு வெள்ளத்துக்கு வழி சொல்வது குருட்டுத் துணிச்சல். அதன் கண்ணுக்கு மாடி வீடும் மேடுதான், மரக்கூட்டமும் மேடுதான். 2000க்குப் பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் எழுந்தவை எதுவும் அதற்குத் தெரியாது. ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்ததே தெரியாது.

கடைமடையில் என்ன நடக்கிறது என்று ஒரு கேள்வி வரும். ‘தடையின்றி வெளியேறும்’ என்று ஒரு தட்டு. அவ்வளவுதான். பள்ளிக்கரணைச் சதுப்பின் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். போகிற வழியெல்லாம் இடுப்பொடிந்து கிடக்கிறது. புயல் நேரத்தில் கடல் மேலேறி நிற்கும், தண்ணீரை வாங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஊரே பார்த்ததுதான். மென்பொருளுக்குள்ளோ கடல் எப்போதும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

இவை எல்லாம் சில்லறைச் சித்துகள். ஒரு பெரிய சித்து இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தத் துறைக்குத் துரோகம் செய்தவனாவேன்.

அட்டவணைப்படி நீர்ப்பரப்புக்கு வளைவு எண் 100 வைப்பது வழக்கம். காரணம் நியாயமானது: ஏரியின் மேல் விழும் மழையை உறிஞ்ச மண் இல்லை, விழுந்தது அத்தனையும் தண்ணீராகவே நிற்கும். காங்கிரீட்டுக்கு 98. இப்போது மெதுவாகப் படியுங்கள். 100 என்ற ஏரியைத் தூர்த்து 98 என்ற காங்கிரீட் போட்டால், இரண்டு புள்ளி குறைகிறது. ஆக, ஏரியில் வீடு கட்டினால் வெள்ளம் குறையும்! அட்டவணை சொல்கிறது, அமெரிக்காக்காரன் அட்டவணை, யார் மறுப்பது?

ஏரி தண்ணீரைத் தேக்கும் என்பது சிஎன் அட்டவணையில் இல்லை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மென்பொருளின் ஓரத்தில் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும்: துணைப்படுகை, ஆறு, சந்திப்பு, நீர்த்தேக்கம். நீர்த்தேக்கம் என்ற படத்தை இழுத்து வந்து வைத்து, கலங்கல் எந்த மட்டத்தில், மதகு எத்தனை, எந்த ஆழத்துக்கு எவ்வளவு கொள்ளும் என்று எழுதினால்தான் அது ஏரி. அந்த ஓர் இழுப்பை மறந்துவிட்டால், மூவாயிரத்துச் சொச்சம் மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரியும் ஒரு பெரிய சிமெண்டுத் தளமும் கணக்குக்கு ஒன்றுதான். வேளச்சேரி ஏரி 265 ஏக்கராக இருந்து 55 ஏக்கராகச் சுருங்கியது என்பது ஊரறிந்த கணக்கு. காணாமல் போன 210 ஏக்கரில் ஒரே ஒரு மீட்டர் ஆழம் என்று வைத்தாலும் 85 கோடி லிட்டர். அந்த 85 கோடி லிட்டருக்குப் புதிய முகவரி எது என்று வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் ஏரி நிரம்பினால்தான் கோடி போகும். இப்போது ஏரி தூர்ந்தால் கோடி வருகிறது.

இப்படித் தயாரான அறிக்கையோடு கூட நீர்வளத்துறையில் ஒரு சான்று வாங்க வேண்டும். மனை வெள்ளத்தில் மூழ்குமா என்று பார்த்துத் தரும் தடையின்மைச் சான்று. துறை பார்க்கிறது. மூழ்கும். மூழ்கும் இடத்தில் கட்டாதே என்று சொல்லுமா? சாலை மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் மண் கொட்டி உயர்த்திக்கொண்டு கட்டு என்று நிபந்தனை போடும். இவர் உயர்த்துகிறார். தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகிறது. பக்கத்து மனைக்காரரும் விண்ணப்பிக்கிறார். அவருக்கும் ஒரு சான்று, அவரும் உயர்த்துகிறார். சாலை பள்ளமாகிறது, நெடுஞ்சாலைத் துறை சாலையை உயர்த்துகிறது. கடைசியில், முப்பது வருஷத்துக்கு முன்னால் கடன் வாங்கி ஒற்றை மாடி கட்டிய ஓய்வுபெற்ற வாத்தியார் வீடு மட்டும் கிணற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. சான்று எதுவும் வாங்காத குற்றத்துக்காக அவர் கட்டிலில் ஏறி நின்று ராத்திரியைக் கழிக்கிறார். அவருக்கும் ஒரு சான்று கொடுத்துவிடலாம்: ‘இன்னாருடைய வீடு, சுற்றியுள்ள அனைவரின் நீரையும் ஏற்றுக்கொள்ளத் தகுதியுடையது’.

அதே அறிக்கையில் மழைநீர் சேகரிப்புக் குழிகள் என்று ஒரு பக்கம் வரும். சதுப்பில் கட்டும் வளாகத்துக்கும் வரும். கார்த்திகையில் நிலத்தடி நீர் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் களிமண்ணில் உறிஞ்சுகுழி! குழியைத் தோண்டியதும் அதுவே ஊற்றாகிப் பொங்கும். அதைச் சரிபார்த்து அங்கே ஒரு டிக் போட்ட கைக்கு என் வணக்கம்.

எல்லாம் முடிந்து வெள்ளம் வந்த பிறகு சொல்வதற்கென்றே ஒரு மந்திரம் இருக்கிறது. ‘வரலாறு காணாத மழை’. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த வரி மட்டும் மாறாது. 1976 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர் பெய்திருக்கிறது. அதே நுங்கம்பாக்கத்தில் 2015இன் பெருமழை நாளில் 29. தெற்கே தாம்பரத்திலும் செம்பரம்பாக்கத்திலும் கொட்டியது பேய்மழைதான், மறுக்கவில்லை. ஆனால் மழைமானியின் பதிவேடு மந்திரி வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. வரலாறு பார்த்திருக்கிறது. பார்க்காதவர்கள் இவர்கள்.

நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்பது அடுத்த மந்திரம். அதன் பொருள், எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான். ஒருமுறை வந்துவிட்டால் 99 வருஷம் விடுமுறை என்று அதை மேடையில் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். மழைக்கு யாரும் அந்தச் சுற்றறிக்கையை அனுப்பவில்லை போலும். 2005, 2015, 2021, 2023 என்று வந்துகொண்டேயிருக்கிறது.

2015 வெள்ளத்தைப் பற்றி ஒரு விஷயம் பேசியாக வேண்டும். செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். யார் திறந்தது, யாரைக் கேட்டுத் திறந்தது, ஏன் முன்பே திறக்கவில்லை என்று பத்து வருஷமாகச் சண்டை. நியாயமான கேள்விகள். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கையே அந்த வெள்ளத்தை மனிதரால் உண்டான பேரிடர் என்றது. ஆனால் இந்தச் சண்டை எல்லாக் கட்சிக்கும் ஏன் இத்தனை பிடித்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மதகுக்கு ஒரு திருகு, அதைத் திருகியது ஒரு கை, அந்தக் கைக்கு ஒரு பெயர். குற்றவாளி ஒருவர் போதும். அன்று அடையாற்றில் ஓடியது செம்பரம்பாக்கத்து நீர் மட்டுமில்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரியும், தாம்பரம் சுற்றுவட்டாரத்தின் சிமெண்டுத் தரைகள் வழித்துவிட்ட நீரும் சேர்ந்துதான் ஓடின. மதகைத் திறந்தவரைத் தேடுவது அரசியல். ஏரிகளை மூடியவர்களைத் தேடினால் அது வருவாய்த்துறை ஆவணங்களுக்குள் போய் முடியும். அங்கே எல்லாக் கட்சிக்காரர்களின் பினாமிகளும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

தனியார் மட்டுமா? முன்கை எடுத்தது அரசாங்கமே. 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியை வற்றடித்துத் தியாகராய நகர் போட்டது வெள்ளைக்காரன் காலத்து நிர்வாகம். நுங்கம்பாக்கம் ஏரியில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள். நீரின்றி அமையாது உலகு என்றவருக்கு ஏரியைத் தூர்த்து மண்டபம்! தேர் கல்லில் நிற்கிறது. அதுவும் நல்லதுதான், வெள்ளத்தில் நகராது. முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் போட்ட குடியிருப்பின் பெயரே ஏரித் திட்டம். ஒளிவு மறைவு கிடையாது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றின் குறுக்கே பாலம் போட்டு நீட்டினார்கள். 2015இல் அதே ஆறு நிலையத்துக்குள் வந்து விமானங்களைப் பார்வையிட்டுவிட்டுப் போனது.

ஒரு காலத்தில் ஐம்பது சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்திருந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு. 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவித்தபோது கைக்கு மிஞ்சியது 1,247 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரை சதுர கிலோமீட்டர். நடுவில் பெருங்குடிக் குப்பைமேடு. சுற்றிலும் கண்ணாடி மாளிகைகள். 2015க்குப் பிறகு சென்னைக்கென்று வெள்ள எச்சரிக்கை அமைப்பு ஒன்று உருவானது. சி-ஃப்ளோஸ் என்று பெயர். ஐஐடிகள், அண்ணா பல்கலைக்கழகம், வானிலைத் துறை என்று பலர் உழைத்தது. நல்ல விஞ்ஞானம். 796 வெள்ளக் காட்சிகளை முன்கூட்டியே கணக்கிட்டு அடுக்கி வைத்திருக்கிறது. அதை முன்னின்று செய்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் முகவரி என்ன தெரியுமா? வேளச்சேரி–தாம்பரம் பிரதான சாலை, பள்ளிக்கரணை. விஞ்ஞானிகளைக் குறை சொல்லவில்லை. இடம் ஒதுக்கிய மகாராசனைத்தான் தேடுகிறேன். வெள்ளத்தை ஆராய அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று நினைத்திருப்பார்.

இனி எனக்குச் சிரிப்பு வராத பகுதி.

2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆக்கிரமிப்பு அகற்றம் நடந்தது. நடந்தது, உண்மை. அடையாறு, கூவம் கரையோரக் குடிசைகள் அகற்றப்பட்டன. தகரமும் தார்ப்பாயும் கூரையாகப் போட்ட, பத்தடிக்குப் பத்தடி வீடுகள். ஆற்றின் அகலத்தைத் தின்றவர்கள் இவர்கள் என்று தீர்ப்பு. இவர்களை வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றி எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பெரும்பாக்கத்தில். பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில், மழை வந்தால் தீவாகிற அடுக்குமாடிகளில். அதற்கு முன்பே செம்மஞ்சேரியில் இதே வித்தை காட்டியிருந்தார்கள். அங்கேயும் மழைக்கு மழை தண்ணீர். ஆற்றங்கரையில் இருந்தவரைக்கும் வேலைக்கு நடந்து போனவர்கள், பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்த பிள்ளைகள், எல்லாவற்றையும் இழந்து இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய், மறுபடியும் அதே தண்ணீரில் நிற்கிறார்கள். குடிசை போட்டவருக்குப் பெயர் ஆக்கிரமிப்பாளர். ஓடை மேல் வளாகம் கட்டியவருக்குப் பெயர் முதலீட்டாளர். ஓடையில் தூண் இறக்கினால் உள்கட்டமைப்பு. ஏரிக்குள் மனை போட்டு விற்றவர் அடுத்த தேர்தலில் வேட்பாளர்.

அந்தக் குடிசைகள் வெள்ளத்துக்கு எவ்வளவு காரணம்? எங்கோ ஒரு கண்ணாடி வளாகத்தின் வாகன நிறுத்துமிடம் எவ்வளவு காரணம்? அடித்துச் சொல்ல ஆளில்லை என்றா நினைக்கிறீர்கள்? ஆள் இருக்கிறது. முதலிலேயே சொன்னேனே, அந்த ஒரே யோக்கியன். மென்பொருளில் அடையாற்றுப் படுகையை இன்றிருக்கும்படி வைத்து 2015 மழையை ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு ஒரே ஒரு வளாகத்தை மட்டும் அழித்து, அந்த இடத்தில் பழைய ஏரியையோ வயலையோ வைத்து அதே மழையை மறுபடி ஓட்டுங்கள். இரண்டு விடைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அந்த வளாகம் அனுப்பிய தண்ணீர். எத்தனை மணிக்கு, எந்தத் தெருவுக்கு, எத்தனை அங்குலம் என்று வரும். அடுத்த வளாகத்துக்கும் இதையே செய்யுங்கள். அடுத்ததற்கும். மேய்க்கால், கழுவெளி, ஏரிப் புறம்போக்கு என்று பழைய பதிவேட்டில் எழுதியிருக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் செய்யுங்கள்.

இது விஞ்ஞானக் கற்பனை கிடையாது. நிலப் பயன்பாட்டு மாற்றத்தால் வெள்ளம் எப்படி மாறுகிறது என்று நம் பொறியியல் கல்லூரிகளில் முதுகலை மாணவர்கள் செய்யும் ஆய்வுதான். வண்ண வரைபடம் போடுவார்கள். பச்சை குறைந்து சிவப்பு கூடியிருக்கும். ‘நகரமயமாதலே காரணம்’ என்று முடிப்பார்கள். நகரமயமாதல் என்ற அந்த ஆளுக்குப் பட்டா எண் கிடையாது, கதவிலக்கம் கிடையாது, கட்சி கிடையாது. அவர் மேல் வழக்குப் போட முடியாது.

ஆகவே 796 காட்சிகளோடு 797ஆவதாக ஒன்றை நான் முன்மொழிகிறேன். இதைக் கொண்டு எச்சரிக்கை அனுப்ப வேண்டாம், பில் அனுப்ப வேண்டும். மழை நின்ற மூன்றாம் நாள், வளாகம்தோறும் ஒரு தாள். ‘தங்கள் சர்வே எண்ணிலிருந்து இன்ன தேதி இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, வரதராஜபுரம் குடியிருப்புக்கு அனுப்பிவைக்கப்பட்ட நீர், இத்தனை லட்சம் லிட்டர். நனைந்த மெத்தை, பழுதான குளிர்பதனப் பெட்டி, ஊறிப்போன பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் தங்கள் பங்கு இவ்வளவு. ஏழு நாளில் செலுத்தவும். தவறினால் தண்ணீர் அனுப்பியவர்க்கே திருப்பி அனுப்பப்படும்.’ முதல் பில் வீட்டுவசதி வாரியத்துக்குப் போகட்டும், அதில் எனக்குப் பாரபட்சம் இல்லை. இரண்டாவது விமான நிலையத்துக்கு. மூன்றாவது, சாலையை அணைபோல உயர்த்தி அடியில் குழாய் வைக்க மறந்தவர்களுக்கு. குடிசைக்காரர்களுக்கும் அனுப்புங்கள், எத்தனை லிட்டர் வருகிறது என்று நானும் பார்க்க ஆசைப்படுகிறேன்.

இங்கே ஒரு நிபுணர் எழுந்து நிற்பார். தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டினால் மொத்தத்தோடு ஒட்டாது, ஒன்றின் விளைவு இன்னொன்றில் கலந்திருக்கும், துல்லியம் போதாது என்பார். சரிதான் ஐயா. நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்தத் துல்லியக் கவலை, மொட்டைமாடிப் புல்லுக்கு 80 போட்டபோது எங்கே போயிருந்தது? ஏரியை 100 என்றபோது ஏன் எழுந்து நிற்கவில்லை? குத்துமதிப்பாகவே பில் போடுங்கள். மின்வாரியம், வீடு பூட்டியிருந்தால், போடாததா?

இதற்கு நூறு கோடி டெண்டர் வேண்டாம். மென்பொருள் இலவசம். மழைக் கணக்கு வானிலைத் துறையிடம் இருக்கிறது. ஏரி எது, வாய்க்கால் எது, வரத்துக்கால் எந்த வயலோரம் வந்தது என்பதெல்லாம் வெள்ளைக்காரன் போட்ட அளவைப் புத்தகத்திலிருந்து தாசில்தார் அலுவலக ‘அ’ பதிவேடு வரைக்கும் இருக்கிறது. கலங்கல் மட்டத்தைச் செம்பரம்பாக்கத்தில் மதகு பார்க்கும் லஸ்கரைக் கேட்டால் தூக்கத்தில் சொல்வார். ஆராய்ச்சி மாணவர்கள் இருக்கிறார்கள்; உதவித்தொகையை மாதாமாதம் கொடுத்தால் ராத்திரி பகலாக ஓட்டுவார்கள். குறைவது ஓர் உத்தரவு, அதன் கீழே ஒரு கையெழுத்து. கையெழுத்துப் போட வேண்டியவரின் வீடு எந்த ஏரிக்குள் இருக்கிறது என்பதையும் அதே மென்பொருள் காட்டிக் கொடுத்துவிடும், கோப்பு நகராமல் இருப்பது அதனால்தான்.